கூட்டேரிப்பட்டுத் தர்பூசணியில் மிளகாய் வைரஸ்

என் மீது எனக்கிருந்த மரியாதை முழுசாக இறங்கியது எப்போது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு வைரஸ் நோய் வந்திருப்பதாக என் கணினி அறிவித்த அன்றைக்கு. அதற்குள் பதினாறு வருஷம் வைரஸ்களோடு குப்பை கொட்டியிருந்தேன். அவற்றின் மரபணுவை எழுத்து எழுத்தாக வாசிப்பதுதான் என் பிழைப்பு. உயிருள்ளதைத்தான் வைரஸ் பிடிக்கும் என்பது அந்தப் பதினாறு வருஷத்தின் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படுகிற விஷயம்.

நான் திண்டிவனத்துக்காரி. ரொம்ப நாள் வரைக்கும் நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாராவது கேட்டால் என் அம்மா, “லேப்ல இருக்கா, ரத்தம் எடுக்கறா” என்று முடித்துவிடுவாள். பெருந்தொற்று வந்து, விழுப்புரத்தில் பரிசோதனைக் கூடத்தில் என்னை உட்கார வைத்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. போனில் ஆளாளுக்கு ஆலோசனை கேட்டார்கள். நேரில் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரே மாதத்தில் புகழும் தள்ளிவைப்பும் சேர்ந்து கிடைத்தது எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான்.

தொற்று அடங்கியதும் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. அவற்றை வைத்துப் பயிர் வைரஸ்களை வாசிக்கும் மூன்று வருஷத் திட்டம் ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். மரபணு வாசிக்கிற இயந்திரம் என்றால் அறை நிறைய இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என்னுடையது ஸ்டேப்ளர் அளவு. லேப்டாப்பில் செருகினால் போதும். திண்டிவனத்தில் ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை எடுத்து அதுதான் லேப் என்று போர்டு மாட்டினோம். நானும் ஒரு சக ஆராய்ச்சியாளரும் இருந்தோம். அவர் அதிகம் பேசாதவர். எனக்கும் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போய் இலை பறித்தோம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையிலும் கத்திரியிலும் வெண்டையிலும் ஏற்கெனவே தெரிந்த வைரஸ்கள்தான் இருந்தன. எங்கள் இயக்குநர் சென்னையிலிருந்து போன் போட்டு, “இருக்கிறதையே இருக்குன்னு சொல்றதுக்கு நீங்க எதுக்கு? திட்டத்தை நீட்டிக்கணும்னா புதுசா ஒண்ணு காட்டுங்க” என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட ஆசைதான் அதிகமாக வந்தது.

மூன்றாம் வருஷம் தை மாதத்தில் கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற வழியில் ஒரு தர்பூசணிக் கொல்லைக்குப் போனேன். அது ஒரு அக்காவுடையது. சொந்தம் என்றால் குத்தகைதான். இருபது வருஷம் அடுத்தவர் கொல்லையில் களை எடுத்துவிட்டு, முதல் முறையாகத் தன் பெயரில் ஒன்றரை ஏக்கர் பிடித்துப் பயிர் வைத்திருந்தார். பாத்திக்குப் பாத்தி பிளாஸ்டிக் தாள் விரித்து, சொட்டுநீர் போட்டு, கொடி அத்தனை அழகாகப் படர்ந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

“அக்கா, கொல்லை சூப்பர்! இந்தப் பக்கத்துலயே இப்படி ஒரு கொடி நான் பாத்ததில்ல.”

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. பக்கவாட்டில் திரும்பி மூன்று தடவை துப்பினார். வாயில் மண் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு இன்னும் இரண்டு வாக்கியம் பாராட்டினேன்.

நாலாம் நாள் போன் வந்தது. கொல்லையின் ஓரத்தில் சில கொடிகள் நுனி கருகி, படுக்காமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றனவாம். ஓடினேன். பார்த்தவுடனேயே தெரிந்தது: இலைப்பேன் பூச்சி கொண்டுவருகிற, இந்தப் பக்கம் வருஷா வருஷம் வருகிற சாதாரண நோய். ஆனாலும் இலை எடுத்துப் பார்ப்போம் என்றேன்.

“என் செடிய நான்தான் கிள்ளுவேன். நீங்க போயி எழுதுங்க மேடம்” என்றார் அக்கா.

மற்ற எல்லாக் கொல்லைகளிலும் நானேதான் பறிப்பேன். இங்கே மட்டும் விட்டுக்கொடுத்தேன். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து லேபிள் எழுதிக்கொண்டிருக்க, அக்கா பைகளில் இலை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் மூன்று முறை இப்படியே நடந்தது.

முடிவைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எதிர்பார்த்த சாதாரண வைரஸ் ஓரத்துக் கொடிகளில் மட்டும் இருந்தது. ஆனால் நோயுள்ளது, இல்லாதது என்று எல்லாக் கொடியிலும் இன்னொன்று இருந்தது: மிளகாய்ச் செடியைத் தாக்குகிற வைரஸ். அது தர்பூசணிக்கு வந்ததாக நான் எங்கேயும் படித்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தத் தர்பூசணிக் கொல்லையிலும் அது இல்லை. லேப்பில் இலைக்குப் பதில் வெறும் தண்ணீரை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆகவே அழுக்கு எங்களுடையது அல்ல. மிளகாயிலிருந்து தர்பூசணிக்கு வைரஸ் தாவியிருக்கிறது, தாவிய இடம் இதுதான். அக்காவின் கொல்லைக்கு ‘தொடக்கப் புள்ளி’ என்று பெயரே வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. அந்தக் கொல்லையின் மாதிரிகளில் மட்டும் மனித மரபணு ஏகத்துக்கும் வந்தது. மாஸ்க் போடாமல் இலை அரைத்திருக்கிறார் என்று சக ஆராய்ச்சியாளரைப் பிடித்தேன்.

“பேசினா எச்சில் தெறிக்கும், தெரியாதா உங்களுக்கு?”

“நான் எப்ப மேடம் பேசினேன்?” என்றார் அவர். நியாயமான கேள்விதான். நான் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கே இயக்குநருக்கு அறிக்கை அனுப்பினேன். அவர் என்னை முதல் முறையாக “டாக்டர்” என்று அழைத்தார். அவர் யாருக்கோ அனுப்ப, அவர்கள் யாருக்கோ அனுப்ப, பத்தே நாளில் அது ஓர் அரசாங்கக் கடிதமாகி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. விழுப்புரத்தில் கூட்டம், நோய் பரவாமலிருக்க முன்னெச்சரிக்கையாக அந்தப் பயிரை அகற்றி எரிப்பது பற்றி முடிவெடுக்கப்படும். காய் திரண்டு, இன்னும் மூன்று வாரத்தில் வெட்ட வேண்டிய கொல்லை அது.

“மேடம், கொல்லைய எடுக்கணும்னு பேப்பர் வந்துக்குது. ஒங்க பேருதான் போட்டுக்குது” என்று போன் செய்தார் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல சுலபமாக இருந்திருக்கும். பெரிய நன்மைக்காகச் சிறிய இழப்பு என்பது போல ஏதோ உளறினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “காய் கெடக்குது மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் போனை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் சக ஆராய்ச்சியாளர் ஒரு வார்த்தை சொன்னார். “அந்தக் கொல்லையிலேர்ந்து தர்பூசணி இல்லாத வேற ஏதாவது கொண்டாங்க மேடம். ஒப்பிட்டுப் பாக்கலாம். செடியே இல்லாம ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது.” எச்சில் விவகாரத்துக்கு வஞ்சம் வைத்துத்தான் வேலை ஏவுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டதில் தப்பில்லை. அக்காவிடம் வேப்பிலையும் வாழை இலையும் பாத்தியில் விரித்த பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டும் கேட்டு வாங்கி வந்தேன். அழித்துவிட்டுப் போகப் போகிறவளுக்கு அத்தனையும் எடுத்துக் கொடுத்தார்.

வேம்பில் மிளகாய் வைரஸ் இருந்தது. வாழையில் இருந்தது. பிளாஸ்டிக் தாளில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது.

சக ஆராய்ச்சியாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “ஷீட்டுக்கும் பரவிடுச்சு மேடம். எரிக்கச் சொல்லலாமா?”

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைக்குப் போனேன். மீண்டும் இலை வேண்டும் என்றேன். வழக்கம்போல மோட்டார் கொட்டகைக்குப் போவதுபோல் போய், சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா இலையைக் கிள்ளிப் பையில் போட்டார். மடியிலிருந்து எதையோ எடுத்து மூடிய கைக்குள் வைத்து நன்றாக நசுக்கினார். திறந்த பையின் மேல் அந்தக் கையை இடமும் வலமுமாக மூன்று சுற்றுச் சுற்றினார். பைக்கு நேராகக் குனிந்து தூ, தூ, தூ என்றார். பிறகு அதே கையால் இலையை உள்ளே தள்ளி அழுத்தி, பையை மூடினார்.

“அக்கா! கையில என்ன?”

திடுக்கிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோனார். “ஒண்ணுமில்ல மேடம்.”

“காட்டுங்க.”

உப்பும் மூன்று காய்ந்த மிளகாயும். மிளகாய் தூளாகிக் கிடந்தது.

“சொன்னா கோவப்படக் கூடாது” என்றார்.

“மாட்டேன்” என்றேன், ஏற்கெனவே கோபத்தில் இருந்தபடியே.

“ஒங்க கண்ணு மேடம். மொத நாளு வந்து இன்னா சொன்னீங்க? இந்தப் பக்கத்துலயே இப்டி பாத்ததில்லன்னு சொன்னீங்களா இல்லியா? நாலாம் நாளு நுனி தூக்கிக்கினு நின்னுச்சு. சும்மா கண்ணால பாத்ததுக்கே இந்தக் கதி. இப்ப எலைய எடுத்துக்கினு போயி மிஷின்ல வுட்டு உள்ளாரல்லாம் பாக்கறேன்றீங்க. அது எம்மாம் பெரிய கண்ணு! சுத்தாம எப்டி குடுத்தனுப்பறது?”

“எப்பலேர்ந்து சுத்தறீங்க?”

“மொத வாட்டிலேர்ந்து.”

“பிளாஸ்டிக்குக்குமா சுத்தினீங்க?”

“அதுவும் என் கொல்லதான?”

“துப்பினதும் பைக்குள்ளயா?”

“துப்பாம சுத்தினா எடுபடுமா மேடம்? இவ்ளோ படிச்சிருக்கீங்க.”

அந்த வைரஸ் லேசில் அழியாது. மிளகாய் வற்றலாகி, சாக்கில் கட்டி, மளிகைக் கடையில் மாசக்கணக்கில் கிடந்தாலும் அதன் எழுத்துகள் அப்படியே இருக்கும். சாப்பிடுகிறவர்களை அது ஒன்றும் செய்யாது. நாம் எல்லோரும் குழம்போடு சேர்த்துத் தினமும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த மனித மரபணு யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

இயக்குநருக்குப் போன் செய்தேன். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“வாபஸ்னு சொல்லாதீங்க. எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா? ‘மேலும் ஆய்வு தேவை’ன்னு எழுதிக் குடுங்க. அது போதும். ஆறு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நீட்டிப்பும் கெடைச்சிடும்.”

“அந்தக் கொல்லை சார்?”

“அது அவங்க எடுக்கிற முடிவு. நாம எதுவும் சொல்லலையே.”

மேலும் ஆய்வு தேவை. எங்கள் துறையில் இந்த மூன்று வார்த்தையை எழுதாதவர்கள் கிடையாது. யாருக்கும் வலிக்காத வார்த்தைகள். இந்தத் தடவை அவற்றை எழுதி அனுப்பினால் என் வேலை தப்பும், அக்காவின் காய் எரியும். நான் ஒன்றும் உத்தமி இல்லை. இரண்டு நாள் அந்த மூன்று வார்த்தைக்கு நியாயம் தேடினேன். தட்டச்சும் செய்து வைத்துவிட்டேன். சக ஆராய்ச்சியாளர் அதைப் படித்துவிட்டு, “ஷீட்டுல மேலும் என்ன மேடம் ஆய்வு பண்றது?” என்று கேட்டார். அந்த மனுஷன் குறைவாகப் பேசுவதே நல்லது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கோப்பை அழித்தேன்.

விழுப்புரம் கூட்டத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அக்கா மூன்றாவது வரிசையில் நல்ல புடவை கட்டி, கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்து உட்கார்ந்திருந்தார். திருஷ்டி விஷயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். ஊர் சிரித்தால் அக்காதான் தினமும் அந்த ஊரில் நடக்க வேண்டும். மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் வைரஸ்களைப் பற்றி விளக்கிவிட்டு, மிளகாய் வைரஸ் அந்தக் கொல்லையில் இல்லை, மாதிரி எடுத்ததில் எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன்.

“என்ன தவறுன்னு சொல்லுங்க” என்றார் மேடையில் இருந்த அதிகாரி.

“சுத்தம் போதலை சார்.”

“கை கழுவலியா?” என்றார் பின்வரிசை விவசாயி ஒருவர். “கொரோனாவுல எங்கள இருவது செகண்டு கழுவுன்னு சொன்னது இவங்கதானய்யா!”

மண்டபம் அதிர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா எழுந்து நின்றார்.

“சார், அந்தம்மா கையில ஒண்ணுமில்ல. மொளகாய நான்தான் சுத்தினேன். எலைக்கு திருஷ்டி கழிச்சி குடுத்தேன். அது மிஷின்ல வந்துட்டுது.”

இப்போது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. “சிரிங்க. சிரிச்சி முடிச்சிட்டு என் கொல்ல நிக்குமா நிக்காதா, அத சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது. அதிகாரி பதில் சொல்வதற்குள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கவலையாகத் திரும்பினார். “எத்தினி மொளகாம்மா சுத்தின?”

“மூணு.”

“கொல்லைக்கு மூணு போறாது. ஏழு வேணும்.”

“எலைக்கு மூணு போதும். கொல்லைக்குப் பூசணிக்கா ஒடைக்கணும்” என்றார் இன்னொருவர். தெருமண் சேர்க்க வேண்டாமா என்று ஒரு அம்மா கேட்டார். அரைமணி நேரம் என் அறிவியலைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள், இதில் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து தீவிரமாக விவாதித்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். கடைசியில், ஓரத்துக் கொடிகளை மட்டும் பிடுங்கிவிட்டு, பூச்சிக்கு ஒட்டும் அட்டை கட்ட வேண்டும், கொல்லை நிற்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அந்தத் தாளை வாங்கி, பழைய கடிதத்தோடு சேர்த்து மடித்தார்.

காய் வெட்டுகிற அன்று என்னை வரச் சொல்லியிருந்தார். போனபோது லாரி வந்து நின்றிருந்தது. வியாபாரி காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சை இழுத்தார்.

“வைரஸ் இருக்குதுன்னு பேசிக்கினாங்களே, அந்தக் கொல்லதான இது?”

“தோ நிக்குது பாரு, அந்தம்மாதான் சொன்னது. அதையே கேளு” என்று என்னைக் காட்டினார் அக்கா.

வியாபாரி என்னிடம் வந்தார். “இருக்குதா மேடம், இல்லியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நாலஞ்சு கொடியில வேற ஒரு வைரஸ் இருந்துது. அதைப் பிடுங்கியாச்சு. சாப்பிடறவங்களுக்கு அதால ஒண்ணும் ஆகாது” என்றேன்.

“நீங்க துன்னுவீங்களா?”

அக்கா ஒரு பழத்தை எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை என் கையில் கொடுத்தார். வெயிலில் நின்றபடி முழங்கை வரைக்கும் சாறு வழியத் தின்றேன். கடைசிக் கீற்று வரைக்கும் வியாபாரி கண்ணை எடுக்கவில்லை. பிறகு லாரிக்காரரைப் பார்த்து, “ஏத்துய்யா” என்றார். என் கட்டுரைகளை மதிப்பிட்டவர்கள் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புதல் கொடுத்ததில்லை.

“இந்த ஜில்லாவுலயே மிஷின்ல போட்டுப் பாத்த கொல்ல இது ஒண்ணுதான்” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. “அதுக்கு ஏத்தமாரி வெல போடு.”

லாரி போன பிறகு கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். இருபது செகண்டுக்கும் மேலாகவே கழுவினேன்.

“ஒங்க வேல இன்னா ஆச்சு மேடம்?”

அந்த வாரம்தான் கடிதம் வந்திருந்தது. “போயிடுச்சுக்கா. மாசக் கடைசியோட சரி.” சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒத்திகையில் நன்றாகத்தான் வந்தது.

“எதுக்கு எடுத்தாங்களாம்?”

“தப்பு பண்ணேன்ல.”

அக்கா சொம்பை வரப்பில் வைத்துவிட்டு, இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“தப்பு பண்ணவங்களுக்கு எங்க மேடம் வேல போவுது? ஒத்துக்கினவங்களுக்குத்தான் போவுது.”